யாயத் முதுகிலிருந்த பை

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் மலையேற்றச் சாமான் கடையில் தள்ளுபடிப் பலகை மாட்டினால் போதும், யாயத் வாசலில் முதல் ஆளாக நிற்பான். அவன் வாய் ஏறாத எரிமலை கிடையாது. போன வருடத் தள்ளுபடியில் வாங்கிய பெரிய பை எந்நேரமும் முதுகில் புடைத்துக்கொண்டிருக்கும்.

நேற்று ஒரு கல்லூரிப் பெண் எடுத்த கடைசிச் சிவப்புப் பையை வெடுக்கென்று பிடுங்கினான்.

“தள்ளு பாப்பா, உனக்கெல்லாம் எதுக்கு மலை?”

கடைக்காரி லிலிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பழசை இறக்குங்கண்ணே, சாமானை இதுக்கு மாத்திப் பாப்போம்.”

அவன் தடுப்பதற்குள் ஜிப்பைத் திறந்துவிட்டாள். பை விறைப்பாக நிற்க மலையேறுகிறவர்கள் உள்ளே வளைத்துச் செருகும் படுக்கைப் பாய் மட்டுமே இருந்தது. அதன் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

சிவப்புப் பையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தாள் லிலிஸ்.

“வருஷம் பூரா பாய்க்குப் பல்லக்கு தூக்கியிருக்க. அதுக்கு இன்னொரு பல்லக்கு வேற கேக்குதா?”