லேபிள் இல்லாத மாத்திரைகள்

முதலில் இடது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு. கலிஃபோர்னியாவில், சான் ரமோன் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சில நாட்களில் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியது. பல்மனரி எம்பாலிசம் (காலில் உறைந்த ரத்தம் நகர்ந்துபோய் நுரையீரலின் ரத்தக்குழாயை அடைப்பது) என்றார் டாக்டர். காரணம் எதுவும் பிடிபடவில்லை. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இனி நிறுத்தவே கூடாது என்றார்.

பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது. இன்சூரன்ஸும் அதோடு போனது. மருந்துக்கடை கவுண்டரில் விலையைக் கேட்டுவிட்டு, ஏதோ மறந்தவள்போலக் காருக்குத் திரும்பினேன். எங்கள் ஊர் ஈரோட்டில் அதே மருந்து எவ்வளவோ மலிவு.

சான் ரமோனை ஒட்டிய எங்கள் டப்ளின் வட்டாரத்துத் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊருக்குப் போனாலும், திரும்பி வரும் பெட்டியில் ஒரு மூலை மற்றவர்களின் மருந்துக்கு. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பக்கத்துத் தெரு கமலா ஆன்ட்டி கொண்டுவருவதாகச் சொன்னார். அவர் வரும்வரை இருப்பது போதவேண்டுமே என்று மாத்திரைகளைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். வெளிநாட்டு மருந்தை வரவழைப்பது பெரும்பாலும் சட்டவிரோதம்தான். தனக்கென்று, மூன்று மாதத்துக்கு மிகாமல், மருந்துச்சீட்டோடு கொண்டுவந்தால் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடுவது வேறு, அனுமதி வேறு. அடுத்தவருக்காகச் சுமந்து வருபவருக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஈரோட்டில் மருந்தை வாங்கி ஆன்ட்டியிடம் கொடுத்த என் அண்ணன் என்னைவிடக் கெட்டிக்காரன். அட்டையோடு இருந்தால் கஸ்டம்ஸில் கேள்வி வரும் என்று, அத்தனை மாத்திரைகளையும் பிரித்து ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டிக் கொடுத்துவிட்டான். இங்கே வந்திறங்கியதும் விமான நிலையத்தில் அந்த டப்பாவைத் திறந்தார்கள். ஆன்ட்டிக்கு மருந்தின் பெயர்கூடத் தெரியவில்லை. மாத்திரைகளைப் பிடுங்கிக்கொண்டு, நெடுநேரம் நிற்கவைத்துத்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டி ஃபோன் செய்தார். "ஏன்டி, என் க்ரீன் கார்டுக்கு ஏதாவது ஆயிருந்தா? திருடி மாதிரி நின்னேன்டி அங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஃபோனை வைத்தபோது கெண்டைக்கால் மறுபடி பிடித்துக்கொண்டது.

ஸ்கேனில் புதிய அடைப்பு இல்லை, வெறும் தசைப்பிடிப்பு. ஆனால் நடந்ததையெல்லாம் கேட்டபின் டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் திருச்சிக்காரர்.

"அஃபோர்ட் பண்ண முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. வேற யாருக்குத் தெரியும்?"

"வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் தெரியும் டாக்டர்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியல."

வார்ஃபரின் (ரத்த உறைவைத் தடுக்கும் பழைய, மலிவான மருந்து) எழுதிக் கொடுத்தார். அது இங்கேயே, என் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. அடிக்கடி விரலில் குத்தி, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கவேண்டும். கீரையை ஒருநாள் அள்ளித் தின்று மறுநாள் விட்டுவிடக்கூடாது, மருந்தின் வேலை மாறிவிடும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. கேட்டால்தானே தெரியும்?

ஆன்ட்டி வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒரு மதியம், தோட்டத்து முருங்கைக்கீரையோடு வாசலில் நின்றார்.

"இதுக்கும் லேபிள் ஒட்டணுமாடி?"

சிரிக்கத்தான் தொடங்கினேன், அழுகை வந்துவிட்டது. அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, வழக்கமான ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை அவர் கேள்வி கேட்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

முன்பெல்லாம் வருடக்கணக்கில் திட்டம் போடுவேன். இப்போது என் காலம் ஒரு விரல்குத்தலிலிருந்து அடுத்த விரல்குத்தல் வரைதான். அது குறைவாகத் தோன்றுவதில்லை. கெண்டைக்கால் இன்னும் சில நாள் பிடிக்கத்தான் செய்கிறது. நானாக முடிவு கட்டுவதில்லை. ஃபோனை எடுக்கிறேன், முதலில் டாக்டருக்கு.