சித்தூரில் ஒரு கண்வலிக் கிழங்கு

சித்தூருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு வசந்தா அக்கா மதில்மேல் கையூன்றி, "துன்னியாமா?" என்று கேட்டபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் மூலனூர்ப் பக்கம் ஆடுமாடுதான் தின்னும்; மனிதர்கள் சாப்பிடுவார்கள். அக்கா ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் பிறந்த தமிழச்சி. அந்தக் கேள்வியில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று புரிய எனக்கு ஒரு மாம்பழப் பருவம் பிடித்தது. மாங்கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. மேஸ்திரியிடம் தெலுங்கு, மேலாளரிடம் ஆங்கிலம், அக்காவிடம் தமிழ். நான் அதிகம் தடுக்கி விழுந்தது அந்தத் தமிழில்தான்.

செங்காந்தளைத்தான் எங்கள் பக்கம் கண்வலிக் கிழங்கு என்போம். வேலியோரங்களில் தானாக வளரும் கொடி. கோடையில் காய்ந்து செத்ததுபோல் கிடக்கும். மழை விழுந்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி தளிர்விடும். அப்பா அதை விதைக்காகப் பந்தலிட்டு வளர்க்கிறார். பூக்கும் மாதங்களில் காலையிலேயே இறங்கி, பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்போம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அம்மா சோறு போடமாட்டார். கிழங்கு அத்தனை விஷம். அதில் ஒன்றைக் கொண்டுவந்து சித்தூர் வீட்டு மதிலோரம் நட்டேன். முதல் பூ மஞ்சளாக விரிந்து சிவப்பேறிய அன்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா செடிமா இது?"

"கண்வலிக் கிழங்குங்க்கா."

"கண்ணு நோவுக் கிழங்கா?"

"ஆமாங்க்கா."

வலியை இங்கே நோவு என்பார்கள். பெயரைத் தன் தமிழில் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பதால் வந்த பெயர் அது. கண் நோவுக்கு மருந்து என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கித் திரும்பினால், செடியின் அடியில் மண் கிளறிக் கிடந்தது. கிழங்கில் பாதியைக் காணவில்லை. பையைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குள் ஓடினேன். அம்மிமேல் வெள்ளை விழுது. "நைனாவுக்கு ரெண்டு கண்ணும் செவந்து கீது. உன்னத் தேடினேன், நீ இல்ல. அதான் கொஞ்சூண்டு எடுத்து மோர்ல கலக்கி..." என்றார். நைனா என்றது அவருடைய அப்பாவை. அவர் கூடத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தார், கையில் தம்ளருடன். நான் பிடுங்கிய வேகத்தில் மோர் அவர் வேட்டியில் கொட்டியது.

"குடிச்சீங்களா தாத்தா?"

"இல்லமா. வாசன புடிக்கல. அப்புறம் குடிக்கலாம்னு வெச்சிக்கினு கீறேன்."

விஷயத்தைச் சொன்னதும் அக்கா அம்மியிடம் ஓடினார். அம்மியைக் கழுவினோம், கையைக் கழுவினோம், மறுபடி கழுவினோம். தாத்தாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனோம்; சொட்டு மருந்து கொடுத்தார். சாயங்காலம் நான் மண்வெட்டியோடு மதிலோரம் போனேன்.

"இன்னா பண்ற?" என்றார் அக்கா.

"பிடுங்கிடறேங்க்கா."

கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் இருந்த தாத்தா குறுக்கிட்டார். "நம்ம அலிபிரிகிட்ட மலையில இது எவ்ளோ கீது. யாரு நட்டாங்க? அது இந்த ஊருதுதான். வுட்டுடு."

மறுநாள் அக்காவே கம்பி வலை வாங்கிவந்து செடியைச் சுற்றிக் கட்டினார். தெருப் பிள்ளைகளை நிறுத்தி, "விஷம், முட்டுக்கோவத்து" என்று, தொடக்கூடாதெனத் தெலுங்கில் மிரட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "பூ நல்லாத்தான் கீது" என்றார்.

இந்த ஆடியில் நான் மூலனூர்த் தோட்டத்தில் இருந்தபோது அக்காவின் போன் வந்தது. "உங்கிழங்கு சொவுத்துக்கு அடியில பூந்து எம்பக்கம் மொளச்சிக்கினு கீது."

"கொடி ஏற ஒரு குச்சி நட்டு வைங்க்கா."

"அதெல்லாம் நேத்தே நட்டுட்டேன். நீ எப்ப வர்ற?"

போனை வைத்தேன். கொடிகளைப் பந்தலில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்: "எப்பக் கண்ணு ஊருக்குப் போறே?"

ஊர் என்று அவர் சொன்னது சித்தூரை.

"ஞாயித்துக்கிழமைங்கப்பா" என்றேன். அவர் கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.