நான் விட்டுவிட்ட வரிகள்

தம்பி அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன சில வருடங்களில் அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அப்பா, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்பார். அவன் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பான். அதோடு ரிசீவர் என் கைக்கு வந்துவிடும்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் மாறி, வரதராஜன்பேட்டைக்கு வருவேன். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாதா கோயிலுக்குத் தவறாமல் போவார். ஆசிரியர் சங்கக் கொடியையும் தவறாமல் பிடித்தவர். ஈராக் போர் தொடங்கியபோது, செய்தித்தாளில் அடிபட்ட குழந்தைகளின் படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தார்.

அதே நாட்களில்தான் தம்பி எனக்கு மின்னஞ்சலில், அங்கே இணையத்தில் வந்த கட்டுரைகளை அனுப்பத் தொடங்கினான். காரில் ஆபீஸ் போகும்போது ரேடியோவில் வலதுசாரிக்காரர் ஒருவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அதில் பிடிப்பு வந்திருந்தது. அங்குள்ள பெரிய பத்திரிகைகளும் டிவியும் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டுமே சொல்கின்றன, ராணுவம் செய்த தவறு முதல் பக்கத்தில் வரும், அது திறந்துவைத்த பள்ளிக்கூடம் எங்கேயும் வராது என்பது அந்தக் கட்டுரைகளின் சாரம். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. அவருக்குத் தமிழில் படித்துக் காட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுது என்று தம்பி கேட்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். முதல் கட்டுரையிலேயே, இந்தப் போரை எதிர்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கொடுங்கோலனுக்காக அழுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் என் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது: வெளிநாட்டு மக்களும் இந்தப் போரை நினைத்து வருந்துகிறார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அது பழகிப்போனது. காரமான வரிகளைத் தாண்டிவிடுவேன். குடும்பம், தேவ நம்பிக்கை, உழைத்த காசு பற்றிய பத்திகளை மட்டும் நன்றாக நிறுத்திப் படிப்பேன். அப்படியும் தப்பிவந்த ஒரு வரிக்கு அப்பா கோபமாக ஏதாவது சொன்னால், தம்பிக்கு எழுதும்போது அதையும் ஆற்றிவிட்டுத்தான் எழுதுவேன். உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்கிறார், ஆனால் மற்ற பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார் என்று எழுதுவேன். திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சு உறுத்தும். இருவருக்கும் பேச்சே அற்றுப்போவதைவிட இது மேல் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்தான். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா மிகவும் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"நீ அனுப்பினதுலயும் அந்தச் சண்டை வேணாம்னுதானப்பா இருந்துச்சு. எனக்கு அது போதும்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "நான் எப்பப்பா அப்படி அனுப்புனேன்? நீங்கதான் என் பக்கம் நியாயம் இருக்குன்னு சொன்னதா அக்கா எழுதுச்சு."

"நான் எங்கடா சொன்னேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். வரிகளை விட்டதையும் மாற்றியதையும் சொன்னேன். சண்டை வந்துவிடும் என்று பயந்துதான் செய்தேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

தம்பி கத்தவில்லை. "எது எங்களுக்குத் தெரியணும்னு நீயே முடிவு பண்ணிட்ட, இல்ல? இதத்தான்க்கா நான் இத்தன நாளா அந்தப் பத்திரிகைக்காரங்கள சொல்லிட்டிருக்கேன்."

"அவன் சொல்றது சரிதான்" என்றார் அப்பா. அவன் சொன்ன எதையும் அவர் சரி என்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க ரெண்டு பேரையும் நீ நம்பலயேம்மா" என்றார்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். உள்ளே குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. யாராவது ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் போகவில்லை. சாயந்திரம் காபி கேட்டுத்தான் அப்பா கூப்பிட்டார். தம்பியின் முகம் சிவந்திருந்தது. ஆனால் இருவரும் நாற்காலிகளை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

அவன் போன பிறகும் கட்டுரைகள் வந்தன. பழைய பிரிண்டுகளையும் எடுத்து வைத்து, இப்போது ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குப் படித்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் தாண்டிப்போன வரிகளுக்குப் பின்னால், அவற்றுக்கான காரணங்களும் எழுதப்பட்டிருந்தன. அங்குள்ள பகுதிநேர ராணுவத்தில் இருந்த மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தகப்பனாக ஒருவர் எழுதியிருந்தார். அவரோடு எனக்கு உடன்பாடில்லை, அப்பாவுக்கும் இல்லை. ஆனாலும் அப்பா அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். முகம் தெரியாத அந்த மனிதரையும் இத்தனை நாள் நான் பேசவிடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் நீண்டுகொண்டே போனது. அப்பா நின்றுகொண்டு பேசுவார், மேசையைத் தட்டுவார், வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வரட்டும் அவன்" என்பார். சனிக்கிழமையே படிப்பகத்துக்குப் போய்த் தனக்கு வேண்டிய செய்திகளைத் தேடிப் பார்த்து வைத்துக்கொள்வார். இந்தப் பேச்சைத்தான் இரண்டு வருடம் அவர்களுக்குக் கிடைக்காமல் செய்திருந்தேன்.

2007இல் அரியலூர் ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, தம்பி அடக்கத்துக்குத்தான் வந்துசேர்ந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து வரும்போது அவன் கேட்டான்: "அந்த ரெண்டு வருஷம் அப்பா நெஜமா என்னதாங்க்கா சொன்னாரு?"

ஒன்று நினைவிருந்தது. மூளையை எந்தக் கடையில் அடகு வைத்தான் என்று அவனிடம் கேள் என்றார் ஒருமுறை. சொன்னேன். தம்பி சிரித்தான், சிரிப்போடு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம்?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். நாற்காலியும் அப்பாவின் கையசைவும் நினைவுக்கு வந்தன. சொன்னவை வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக நான் எழுதி அனுப்பிய வாக்கியங்கள்தான் வந்தன. "மறந்துபோச்சுடா" என்றேன்.