அண்ணியின் உப்புப் போத்தல்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் அடுப்புக்கு மேலே ஒரு பலகைத் தட்டு இருந்தது. அதில் இரண்டு போத்தல்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் கல்லுப்பு, மற்றதில் அண்ணியின் மாத்திரைகள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் அண்ணி மாத்திரைப் போத்தலை எடுத்து, வெளிவாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான் விழுங்குவார். ஒளித்துக் குடிக்க இது என்ன கள்ளச் சாராயமா என்பார். அந்த நிமிர்வு அவருக்கு முதலில் இருந்ததில்லை. அது வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அண்ணி என் பெரிய அண்ணனின் மனைவி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுபதுகளின் கடைசி அது. அண்ணியின் மனம் ஒரு நிலையில் நிற்காது. சில மாதங்கள் தூக்கமே இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டு, இரண்டு ஆள் கொழுந்தை ஒருவராய்ப் பறிப்பார். கல்யாணச் சேலையை யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்துப் படுப்பார். பெற்ற பிள்ளை அழுதாலும் திரும்ப மாட்டார். அண்ணன் மந்திரித்த கயிறு கட்டினார், பேயோட்டுகிற கோடாங்கியை வைத்துப் பார்த்தார், ஒரு முறை வேப்பிலையால் அடிக்கவும் விட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான் கடைசியில் அண்ணனைத் திட்டி, கடிதம் எழுதிக் கொடுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கொடுத்த மாத்திரை தூக்க மருந்து இல்லை, சந்தோஷ மருந்தும் இல்லை. மனம் மேலேயும் கீழேயும் ஓடாமல் நடுவில் பிடித்து வைக்கிற மருந்து. நன்றாக இருக்கும் நாளிலும் குடிக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு விளங்காத சங்கதி. காய்ச்சல் விட்ட பிறகும் கசாயம் குடிப்பார்களா என்று நானே கேட்டிருக்கிறேன். மாதா மாதம் பஸ் ஏறிப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

நாலைந்து மாதத்தில் அண்ணி தேறினார். ஆர்ப்பாட்டமில்லாமல் சிரித்தார், மகளுக்குத் தலை பின்னினார். அந்தச் சந்தோஷத்தில் கோயிலுக்குப் போய், இந்தத் திருவிழாவில் தீ மிதிக்கிறேன் ஆத்தா என்று வேண்டிக்கொண்டார். வீடே மகிழ்ந்தது. எங்கள் தோட்டத்தில் தீ மிதிக்கிறவர்கள் காப்புக் கட்டிய நாள் முதல் எட்டு நாளும் உப்பில்லாமல்தான் சாப்பிட வேண்டும். டாக்டர் உப்பைப் பற்றிச் சொன்னது எங்களுக்கு நினைவில்லாமல் இல்லை. அது சாதாரணச் சாப்பாட்டுக்குச் சொன்னது, சாமி காரியத்துக்கு என்ன வந்தது என்று நினைத்தோம். தனிச் சட்டி வாங்கி உப்பில்லாமல் சமைத்தவள் நான்தான். அதைப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

ஆறாம் நாள் அண்ணியின் கை நடுங்கியது. கொழுந்து கூடைக்குள் விழாமல் வெளியே விழுந்தது. வாந்தி எடுத்தார், கால் பின்னியது, பேச்சுக் குழறியது. மலையில் நின்ற பெண்கள் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கும்பிட்டுச் சூடம் கொளுத்தினார்கள். அண்ணனோ பழைய பைத்தியம் திரும்பிவிட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் டிஸ்பென்சர் ஐயாவிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிடுகிறார் என்பது. உப்பில்லாச் சோறு என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது.

"இந்த மருந்து கறிக்கு உப்பு மாதிரிம்மா. குறைஞ்சா வேலை செய்யாது, கூடினா விஷம். சாப்பாட்டுல உப்பு இல்லேன்னா, ஒடம்பு இந்த மருந்தை வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும். சாமியும் இல்ல, பைத்தியமும் இல்ல. மருந்து ஒடம்புல ஏறிப்போச்சு."

மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, தோட்டத்து லொறியில் பதுளைக்கு ஏற்றினார். வளைவுக்கு வளைவு அண்ணியின் தலை என் மடியில் உருண்டது. நான் சமைத்த சோறுதான் இவரைக் கொல்கிறது என்று வழியெல்லாம் அழுதேன். சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அண்ணி என்னைப் பார்த்து, உன் சோற்றில் ருசியே இல்லை என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

பிழைத்தது பெரிதல்ல, பிறகு அவர் செய்ததுதான் பெரிது. மாத்திரையே வேண்டாம் என்றார் அண்ணன். இதுதான் என்னை மனுஷியாக வைத்திருக்கிறது என்று, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கியது அண்ணிதான். அடுத்த வருடம் காப்புக் கட்டும் அன்று, ஊரே கூடியிருந்த கோயில் வாசலில் பூசாரியின் முன்னால் போய் நின்றார். கையில் எங்கள் தட்டிலிருந்த அந்த உப்புப் போத்தல். நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது, ஆனால் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவேன் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விரதம் கெட்டால் கால் வெந்துவிடும் என்றார் பூசாரி. தனக்கு என்ன நோய், என்ன மருந்து, ஏன் உப்பு என்று, அதுவரை நாங்கள் மூடி மூடி வைத்ததையெல்லாம் அண்ணி ஒன்று விடாமல் சொன்னார். என் அண்ணன் தலை குனிந்து நின்றார். அண்ணி குனியவில்லை.

"ஆத்தாவுக்கு நான் உசுரோட வேணுமா, உப்பில்லாத என் வயிறு வேணுமா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க பூசாரி ஐயா."

பூசாரி அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் தங்கை மகளும் அந்த நாளில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கடைசியில் மஞ்சள் கயிற்றை எடுத்து அண்ணியின் கையில் கட்டினார். எட்டாம் நாள் அண்ணி தீயில் நடந்தார். ஓடவில்லை, நடந்தார். கால் வேகவில்லை. அடுத்த மாதம் பதுளை பஸ்ஸில் அண்ணியோடு பூசாரியின் தங்கை மகளும் போனாள்.

அண்ணி நல்ல வயது வரை இருந்து, பேரன் பேத்தி பார்த்துப் போய்ச் சேர்ந்தார். இப்போது எனக்குப் பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணி இருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் கேலி செய்திருப்பார். அந்த உப்புப் போத்தலை நான் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். போன திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்தப் பூசாரியின் மகன் காப்புக் கட்டுமுன் வழக்கம்போல, உப்பை நிறுத்தக் கூடாத மருந்து குடிக்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்றார். எனக்கு முகம் தெரியாத ஒரு இளம்பெண் எழுந்து போனாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் அண்ணியின் போத்தலைத் திறந்தார். அவள் எல்லோரும் பார்க்கக் கையை நீட்டி இரண்டு கல் உப்பு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, காப்புக்குக் கையை நீட்டினாள்.