கோட்டுக்குள் ஒரு பெயர்

நான் வசிக்கும் ஸ்காட்லாந்துச் சிற்றூரில் இறந்துபோனவர்களின் துணிகளைக் கடையில் தொங்கவிட்டு விற்கிறார்கள். சாரிட்டி ஷாப் என்று பெயர். பிள்ளைகள் வந்து, பெற்றவரின் அலமாரியைக் காலி செய்து, மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போகிறார்கள். மறுவாரம் அதே தெருவில் இன்னொருவர் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். யாருக்கும் கூச்சமில்லை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம், நானும் சுளித்தவள்தான். வந்த புதிதில் ஒரு பழுப்புநிறக் கம்பளிக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இதைப் போட்டிருந்தவர் இறந்துவிட்டாரா என்று கேட்பதற்காக, அங்கிருந்த வயதான பெண்மணியிடம் என் கோலார் ஆங்கிலத்தில் "டைட்?" என்றேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலி, சாயம் போட்டதா என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். இல்லை கண்ணே, அதன் சொந்த நிறமே இதுதான் என்று சிரித்தார். வாங்கிவிட்டேன். எனக்கல்ல, அப்பாவுக்கு.

அப்பா சவரிமுத்து, கோலார் தங்கவயலில் ஷிப்ட் ஷிப்டாகக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்கால ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்வந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் போனில் அவர் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கும். புதுக் கோட் வாங்கும் நிலையில் நான் அப்போது இல்லை. ஆனால் பழையது என்றால் அவர் தொடமாட்டார். எனக்கு எட்டு வயதில், ஆபீசர் பங்களாவிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணின் கவுன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். நீலத்தில் வெள்ளைப் பூ. நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். "அடுத்தவங்க கழிச்சது நமக்கு வேணாம்மா. கழட்டு" என்றார். அவரே மடித்து, பாலகாட் சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து பங்களா வரை நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

அதனால் பொய் சொன்னேன். கோட்டின் காலருக்குள் டொனால்ட் ரீட் என்று பெயர் எழுதிய சின்ன நாடா தைத்திருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லார் துணியிலும் அப்படித்தான் இருக்கும், சலவையில் மாறிப்போகாமல் இருப்பதற்காக. இவரும் எங்கோ அப்படி ஓர் இல்லத்தில், என்னைப் போன்ற ஒருத்தி கையால் சோறு உண்டு முடிந்துபோனவராக இருக்க வேண்டும். பிளேடால் தையலைப் பிரித்து நாடாவை எடுத்துவிட்டு, ஊருக்குப் போன தோழியிடம் கோட்டைக் கொடுத்தனுப்பினேன். "புதுசுப்பா, பெரிய கடையில வாங்கினேன்." அப்பா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சீமைச் சரக்கு சீமைச் சரக்குதாம்மா" என்றார்.

போன ஜூலையில் அப்பா இறந்தார். விசா புதுப்பிக்க பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரம், கிளம்ப வழியில்லை. குழிக்குள் பெட்டி இறங்குவதை, இல்லத்தின் சலவை அறையில் நின்றுகொண்டு போனில் பார்த்தேன். அக்டோபரில்தான் ஊர் போக முடிந்தது. கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் முதலில் கேட்டது அந்தக் கோட்டைத்தான். அண்ணி முகம் வாடிவிட்டது. "மாமா துணிமணி எல்லாத்தையும் முனிம்மா கடையில போட்டுட்டோம் ஸ்டெல்லா. பாக்கப் பாக்க உங்கண்ணன் அழுதுக்கினே இருந்தாரு. நீ கேப்பன்னு எனக்குத் தோணலியே."

ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்தில் முனியம்மா அக்காவின் பழைய சாமான் கடை. லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூர் போகிறவர்கள் விட்டுப்போவதெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. சாவி கொடுக்கும் கடிகாரம், கண்ணாடி வைத்த மர அலமாரி, சுரங்கத்து விளக்கு, தலையில் போடும் தொப்பி. வீட்டை அலங்கரிக்க இவற்றைத் தேடி ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். ஒரு பெண் சுரங்கத் தொப்பி ஒன்றை எடுத்து, ஒரிஜினலா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். என் அப்பாவும் இப்படி ஒன்று வைத்திருந்தார் என்றேன். என்னைக் கடைக்காரி என்று எண்ணிவிட்டாள் போல. அப்படியானால் அதையும் காட்டுங்கள் என்றாள்.

நான் துணிக் குவியலைக் கலைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தையல் மெஷினை விட்டு முனியம்மா அக்கா எழுந்து வந்தார். "இன்னாம்மா தேடற?"

சொன்னேன்.

"சவரியண்ணன் பொண்ணா நீ? அந்தக் கோட்டு போயி ஒரு மாசம் ஆச்சேம்மா. பெங்களூருக்கு ட்ரெய்ன்ல போற ஆளு ஒருத்தரு, குளுருக்கு ஆவும்னு எடுத்துக்கினு போய்ட்டாரு."

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "புதுக் கோட்டுக்கா அது. நான் வாங்கி அனுப்பினது" என்றேன். யாரும் கேட்காமலே அந்தப் பொய் வந்தது.

அக்கா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "உங்கப்பாவுக்குத் தெரியும்மா. உள்பாக்கெட்டு கிழிஞ்சிச்சின்னு தைக்க எடுத்தாந்தாரு. லைனிங்கைப் பிரிச்சா, உள்ளாற ஒரு பேரு தைச்சிருக்குது. வெட்டிப் போட்டுடட்டாண்ணான்னு கேட்டேன். வேணாம் முனிம்மா, செத்துப்போன மனுசன் பேரா இருக்கும் அது, இருக்கட்டும்னாரு. எம் பொண்ணைக் கூப்ட்டு அதைத் தமிழ்ல எழுதி வாங்கிக்கினாரு, உங்க மாதா கோயில்ல குடுக்கணும்னு. ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதே, சங்கடப்படுவான்னாரு."

இன்னொரு நாடா இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் விசாரித்தேன். கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் எங்கள் கோயிலில் பூசையில் படிப்பார்கள். "ஆமா, மூணு வருசமா குடுத்தாரு. உங்கம்மா பேரு, தாத்தா பேரு, அப்புறம் தொனால்டு ரீடு. யாரு மாமா அதுன்னா, எனக்கு வேண்டியவருன்னுவாரு. பழைய மைன்ஸ் தொரை யாரோன்னு நாங்க விட்டுட்டோம்."

அன்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். உயிரோடிருந்த ஆபீசர் வீட்டிலிருந்து ஒரு கவுனை வாங்க மறுத்தவர், முகம் தெரியாத ஒரு செத்தவரின் கோட்டை எனக்காகப் போட்டுக்கொண்டு, மூன்று குளிர்காலம் ரயில் ஏறியிருக்கிறார். போனில் ஒரு வார்த்தை விடவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாரா, சிரித்திருப்பாரா? இனி யாரிடம் கேட்பது? அண்ணி என் முதுகைத் தடவிக்கொண்டே, "இந்த வருசமும் அந்தப் பேரைக் குடுத்துடட்டா?" என்றார். குடுங்க அண்ணி என்றேன்.

கல்லறைத் திருநாளுக்குள் நான் ஸ்காட்லாந்து திரும்பிவிட்டேன். அன்று மதியம் அண்ணி போன் செய்தார். கோயிலில் அப்பா பேரையும் அந்தப் பேரையும் சேர்த்துப் படித்தார்களாம், தொனால்டு ரீடு என்று திருத்தமாக. சாயங்காலம் இங்கே உள்ள கோயிலில் நானும் அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் பாதிரியார் நின்றார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "சாவ்ரி... மூட்டூ" என்று ஒருவாறு முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவசரமாக நான் சரியான உச்சரிப்பில் ஒருமுறை முணுமுணுத்தேன்.

பக்கத்தில் இருந்த கிழவி என் பக்கம் குனிந்து, அந்தப் பெயருக்குரியவர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டார். ஆங்கிலம் வரவில்லை. "எங்கப்பா" என்றேன்.

அதை ஓர் ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். கேள்விப்பட்டதில்லையே, அழகான இடமா என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.