நான்காவது எஞ்சின்

போன கிழமை குச்சவெளியிலிருந்து சக ஆசிரியர் ஒருவரின் புதுக் காரில் வந்துகொண்டிருந்தேன். இறக்கக்கண்டியைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. தட்டவில்லை, இருமவில்லை, புகைக்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்த மனிதர் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டதுபோல நின்றது. பொனற்றைத் திறந்து, முன்மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல்லு வைத்த ரப்பர் பெல்ற் ஒன்று அறுந்து கிடந்தது. எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது அந்தப் பெல்ற்தான். பழைய கார்களில் இதே வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. சங்கிலி தளர்ந்தால் மாதக்கணக்காகக் கிலுகிலுத்து முறையிடும். ரப்பருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதே கொம்பனிக் கார் இன்னொன்று வந்தது. நிறம்கூட அதே நிறம். ஓட்டி வந்தவர் முன்யோசனைக்காரர், டிக்கியில் மேலதிகமாக ஒரு பெல்ற் வைத்திருந்தார். எடுத்துப் பிடித்துப் பார்த்தோம். பல்லுக் கணக்கு வேறு.

"உங்கட முந்தின வருச மொடல் போல, சேர். என்ர அதுக்குப் பிறகு வந்தது," என்றார், சாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல வந்த தரகரைப்போல.

நாங்கள் பஸ்ஸில் வந்தோம். கையில் சுட்ட ரப்பரின் மணம். எனக்கோ வழிநெடுக மண்ணெண்ணெய் மணம் மூக்கில் நின்றது. ஏன் என்று சொல்கிறேன்.

சந்தைக்குப் பக்கத்தில், வாடகைக்கு ஓடும் ஹயர் கார்களின் தரிப்பிடத்தில் அப்பாவுக்கு ஓர் இடம் உண்டு. வெள்ளைக்காரரின் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது அப்பாவின் கப்பற்பட்டறை வேலையும் போனது. சங்கிலிக் கப்பியில் பாரம் தூக்கத் தெரியும், வாகனம் ஓட்டத் தெரியும், கையெழுத்து வைக்கத் தெரியாது. கேம்பிரிட்ஜ் என்று பெயருள்ள ஒரு பழைய இங்கிலாந்துக் காரை வாங்கி ஹயருக்கு விட்டார். ஆறாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் கேம்பிரிட்ஜ் என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் கண்ட ஆள் என்ற மிடுக்கோடு எழும்பி, "நாலு கதவுள்ள கார், சேர்," என்றேன். சரியான மறுமொழிக்கு ஏன் குட்டு விழுந்தது என்று அன்றைக்கு விளங்கவில்லை.

அந்தத் தரிப்பிடத்தில் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ்களும் நின்றன. ஒன்று கிண்ணியாவிலிருந்து வரும் மீரான் நானாவுடையது. மற்றது பியசேன அண்ணையுடையது. மூன்றும் வெவ்வேறு வருசத்தவை. அந்தக் கொம்பனிக்காரர் காரின் சட்டையைத்தான் மாற்றினார்கள். பின்பக்கம் மீன்செட்டை முளைத்தது, பிறகு செட்டை சிறுத்தது. எஞ்சினை அவ்வளவாகத் தொடவில்லை. ஒன்றின் எஞ்சினைத் தூக்கி மற்றதில் வைத்தால் தன் வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல வந்து இருக்கும்.

இறக்குமதி அடைபட்ட காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பிஸ்டன் தேய்ந்தால் புதிது வராது. எஞ்சினைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, சிலிண்டரைக் கடைந்து, எங்கோ தேடிய பெரிய பிஸ்டனைப் போட்டு எடுப்பதற்குள் ஒரு போகம் விளைந்துவிடும். அவ்வளவு காலம் தரிப்பிடத்துக்கு வராத காரின் இடம் இன்னொருவருக்குப் போகும் என்பது அங்குள்ள கட்டுப்பாடு. அதற்குத்தான் மூவரும் ஒரு வழி கண்டார்கள். பெரும்புயலில் வாகைமரம் விழுந்து அப்பளமான ஒரு கேம்பிரிட்ஜின் எஞ்சின் சேதமில்லாமல் தப்பியிருந்தது. அதைக் கூட்டாக வாங்கி வைத்தார்கள். யாருடைய எஞ்சின் கொழும்புக்குப் போகிறதோ அவருடைய காரில் அதுவரை இது ஓடும். மூன்று காருக்கு நாலு எஞ்சின்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வந்தால் ராசமரியாதை. புது எண்ணெய்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் துடைத்து அனுப்ப வேண்டும். எங்கள் முற்றத்து வேம்பில் கப்பி கட்டி இறக்கும் நாள்களில் அம்மாவின் குசினிவரை மண்ணெண்ணெய் மணக்கும். சோறும் மணக்கும் என்று அம்மா சொல்வா. நான் நம்பவில்லை என்றாலும் மணந்தது உண்மை.

"மாப்பிள்ளை இப்ப ஆர் வீட்டில?" என்று சந்தையில் யாராவது கேட்பார்கள்.

"பியசேனவின்ர வீட்டில. அங்க போனதும் சுருட்டுப் பழகிட்டார்," என்பார் மீரான் நானா, எஞ்சின் புகைப்பதைச் சாட்டி.

"ஐயோ, அது கிண்ணியாவில பழகி வந்த," என்பார் பியசேன அண்ணை.

பரீட்சை எழுதிவிட்டு ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் அப்பாவின் காரை நானும் ஓட்டினேன். அத்தோடு எனக்கு இன்னொரு பதவியும் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்த கார்ப் புத்தகத்தைத் தமிழில் சொல்லும் பதவி. சுவிசேஷம் வாசிப்பவர்போல நின்று வாசிப்பேன். எந்தப் பக்கத்தை வாசித்தாலும் கடைசியில், உங்கள் அருகிலுள்ள முகவரை நாடவும் என்று முடியும்.

"தம்பி, இத எழுதினவருக்குத் திருகோணமலை எங்க இரிக்கெண்டு தெரியுமா?" என்று கேட்பார் மீரான் நானா.

"முகவர் வருவார், வாசி," என்பார் அப்பா, எஞ்சினுக்கு அடியில் படுத்தபடி.

பிறகு அரசாங்கம் மாறி இறக்குமதி திறந்தது. துறைமுகத்தடியில் ஜப்பான் கார்கள் மினுங்கின. பியசேன அண்ணை தன் கேம்பிரிட்ஜை விற்று முதலில் ஒன்று எடுத்தார். மீரான் நானா வான் ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அப்பாவுக்குப் புதுக் கார் எட்டாத காய். அந்த நேரம் பார்த்துக் கந்தளாய் வீதியில் அப்பாவின் எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையம் உடைந்தது. உடைந்த துண்டு சிலிண்டர் சுவரில் உழவு சால்போலக் கோடு இழுத்துவிட்டது. பழையதற்குப் பிஸ்டன் தேடிக் கொழும்பில் விசாரித்தால் கடைக்காரர் சிரித்தார். அடைபட்ட காலத்தில் சாமான் வரவிடவில்லை. திறந்த காலத்தில் அதைக் கொண்டுவருவார் இல்லை.

மாப்பிள்ளை அப்போது மீரான் நானாவின் காரில் இருந்தது. நல்லகாலம், அவருடைய சொந்த எஞ்சின் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. அதைப் பூட்டிக் காரை விற்றுவிட்டு, மாப்பிள்ளையைப் புது வானில் ஏற்றிக் கிண்ணியாப் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் அந்தத் தட்டைப் படகில், கடந்து வந்தார். புது வானில் அவர் பெண்சாதிக்கு முன்பு மாப்பிள்ளை ஏறியதில் வீட்டில் பெரிய கோபமாம்.

பியசேன அண்ணையும் வந்தார். வெள்ளைச் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டார். அவருக்கு இனி இந்த எஞ்சினால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கப்பி இழுக்க ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன் அதன் பழைய எண்ணெயை நான் வடித்தேன். கடைசித் துளிகளை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பார்த்தேன். சாளைமீன் செதில்போலப் பொடிப்பொடியாக மினுங்கியது. உலோகம். அடித்தட்டைக் கழற்றினோம். எஞ்சினின் நடுத்தண்டைத் தாங்கும் பெயாரிங் முழுக்கத் தின்னப்பட்டு, தண்டும் புண்ணாகிக் கிடந்தது.

"நானா, நீங்கள் இதைத் திறந்து பாக்கேல்லையா?" என்று அப்பா கேட்டார்.

"நான் எப்படித் திறக்கிற? பொதுச் சாமான். நீங்க திறந்திரிப்பீங்கெண்டு நினைச்சன்."

"நானும் தொடேல்லை. பியசேன?"

"நான் எண்ணெய் மட்டும் மாத்தின. உள்ளுக்கு நீங்க ரெண்டு பேரும் பாத்திருக்கும் எண்டு..."

மூவரும் மூன்று திக்கில் பார்த்தார்கள். பிறகு மீரான் நானாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அத்தனை வருசமும் குளிப்பாட்டித் துடைத்துத் துடைத்து அனுப்பினார்களே ஒழிய, பிறத்தியாருக்கும் சொந்தமான நெஞ்சைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அப்பா சிரிக்கவில்லை. தரிப்பிடத்தில் அவருடைய இடத்தைப் பிடிக்கப் புதுக் கார்க்காரர் ஒருவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

"என்ர காரை விக்காம வச்சிருந்தா இப்ப அதின்ர எஞ்சினைக் கழட்டித் தந்திருப்பன்," என்றார் மீரான் நானா.

"அந்தக் கதையை விடுங்கோ. மாப்பிள்ளையின்ர சிலிண்டரைப் பாப்பம்," என்றார் அப்பா.

மேல்மூடியைக் கழற்றினோம். சிலிண்டர் சுவர்கள் கண்ணாடி. அப்பாவின் எஞ்சினிலோ சுவர்தான் கெட்டது. நடுத்தண்டு அதற்கு முந்தின வருசந்தான் கொழும்பில் கடைந்தது, பெயாரிங்கும் அதோடு போட்டது. ஒன்றில் கெட்டது மற்றதில் நன்றாக இருக்கிறது என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் பட்டது. பிறகு நட்டுக் கழற்றும் சாவிகளின் சத்தந்தான். அப்பாவின் தண்டை எடுத்து மாப்பிள்ளையில் வைத்தார்கள். பொருந்தி இருக்குமோ இராதோ என்று நான் குனிந்து பார்த்தேன். அப்பா கையால் சுற்றினார். சுற்றியது. நான் புத்தகத்தைப் பார்த்து எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று சொன்னேன். அன்றைக்கு ஒருவரும் என்னைப் பகிடி பண்ணவில்லை.

பொழுது சாயுமுன் கார் முற்றத்தை விட்டுத் தன் காலில் போனது. அடுத்த நாள் காலையில் அப்பா தரிப்பிடத்தில் தன் இடத்தில் நிறுத்தினார். அதை ஒருவரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் நிறுத்துகிறார்.

பழைய எஞ்சின்தான் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எஞ்சின் உழைத்ததோ நாங்கள் உழைத்ததோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அதற்குப் பணிவிடை செய்தோம். எண்ணெய் கசியும். மழைக்காலத்தில் தள்ள வேண்டும். கரி சுரண்டி வால்வு தேய்ப்பது எங்கள் வீட்டில் வருசாந்தத் திருவிழா. புதியது ஒரு திருப்பில் பற்றிக்கொள்கிறது, அரைவாசிப் பெற்றோலில் ஓடுகிறது, வருசக்கணக்காகத் தொடாமலே ஓடுகிறது. ஓடும் நாளைக் கணக்குப் பார்த்தால் புதியதுதான் வெல்லும். நின்ற நாளைக் கணக்குப் பார்த்தால் எப்படியோ தெரியவில்லை. படிப்பிக்கிறவன் என்றபடியால் இரண்டு பக்கமும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு எஞ்சினில் ஒன்று செய்தபின் எஞ்சியது பழைய இரும்புக்காரரிடம் போனது. மீரான் நானா இப்போது மூதூர்ப் பக்கம் வான் ஓட்டுகிறார். பியசேன அண்ணை பிள்ளைகளோடு கந்தளாய்க்குப் போய்விட்டார். பெருநாளுக்கும் சித்திரைக்கும் வந்து போகிறார்கள். பாசத்துக்குக் குறைவில்லை.

ஆனால் ஒன்று. ஓட்டுகிறவனுக்குத் தன் எஞ்சினின் சத்தம் மெல்ல மெல்லப் பழகிவிடும். மாறியதை வெளியே நிற்கிறவன்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அப்பா சந்தி திரும்பும்போதே தேநீர்க்கடைக்குள்ளிருந்து மீரான் நானா கத்துவார். "மூண்டாவது வால்வு அடிக்குது, பின்னேரம் பாருங்கோ!" அப்பாவும் அப்படித்தான் அவர்களுக்கு. இன்று தரிப்பிடத்தில் அப்பாவினதைத் தவிர எட்டுக் கார் நிற்கின்றன. எட்டும் எட்டு விதம், ஒன்றும் சத்தம் போடுவதில்லை.

நேற்று அப்பாவோடு அங்கே நின்றேன். புதுக் கார்க்காரப் பொடியன் ஒருவன் மரியாதையோடு வந்தான்.

"ஐயா, உங்கட காரில ஏதோ சத்தம் கேக்குது."

அப்பா ஆவலோடு அவன் பக்கம் திரும்பினார். "என்ன சத்தம், தம்பி?"

பொடியன் யோசித்துப் பார்த்தான்.

"தெரியேல்லை ஐயா. ஏதோ சத்தம்."