உப்புத்தண்ணீரில் மிதந்த முட்டைகள்

அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டால் படும் சூடு அடுப்புச் சூடும் அல்ல, வெயில் சூடும் அல்ல. இத்தனை வயதாகியும் என் விரல்களுக்கு அது நினைவிருக்கிறது, அது நினைவுக்கு வரும்போதெல்லாம் வெட்கமும் கூடவே வந்துவிடுகிறது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. என் அப்பாவின், நைனாவின், தங்கையான அத்தை, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அம்மா போடும் சோற்றை அவள் தலை நிமிராமல் தின்றதைப் பார்த்திருக்கிறேன். கோட்டைச் சமையலுக்குக் கோழி எப்போதும் வேண்டியிருந்ததால், பத்துக் கோழி சேர்ந்தால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று, இருந்த ஒற்றைப் பெட்டைக்கோழியை அவள் குஞ்சு பொரிக்க அடை வைத்தாள். காட்டூர் வைக்கோலைக் கூடையில் பரப்பி, இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் விட்டுப் பார்த்துப் பதினொன்றை அடுக்கினாள். "கூமுட்டைன்னா மெதக்கும், நல்லது அடியில குந்திக்கும்" என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குஞ்சு வந்துவிட்டதா என்று தினமும் கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டுப் பார்ப்பேன். பத்தாம் நாள், கோழி தீனிக்கு இறங்கியிருந்த நேரம், வீட்டில் யாரும் இல்லாததால் நானும் சோதித்துப் பார்க்கக் கிளம்பினேன். நல்ல தண்ணீர் தொலைவிலிருந்து தலைச்சுமையாக வருவது, தொட்டால் அடி விழும். கொல்லையில் கருவாட்டுக்கு மீனை ஊறப்போடும் உப்புத்தண்ணீர்ப் பானை இருந்தது. அதில் விட்டேன். பதினொன்றும் மிதந்தன. அவ்வளவு உப்பில் எந்த முட்டையும் மிதக்கும் என்பது எனக்குத் தெரியாது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் பத்தை ஏரியில் வீசினேன். கடைசி முட்டை கைதவறி உடைந்தது. சிவந்த நரம்புகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கண் இருந்தது, பக்கத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. மணலைத் தள்ளி மூடினேன்.

அம்மாவும் அத்தையும் வீடு திரும்பியதும், "எல்லாம் மெதந்துச்சிம்மா, கூமுட்டை, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். எதில் மிதந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"தாலியறுத்தவ கை வச்சா இன்னா வெளங்கும்?" என்றாள் அம்மா.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வுடு அண்ணி, என் கை அப்படி" என்று காலிக் கூடையை எடுத்து வெளியே வைத்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பழி அந்த நிமிடமே அவளை விட்டுப் போயிருக்கும். அடிக்குப் பயந்து நின்றேன். அவள் அதற்குப் பிறகு அடை வைக்கவே இல்லை. அந்தக் கோழியை அம்மா குழம்பு வைத்தாள், வெட்கமில்லாமல் நானும் தின்றேன்.

இன்று ஒல்லாந்தர் இல்லை, கோட்டையின் செங்கல்லும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது, கோழி கேட்டுக் குப்பத்துக்கு வரும் ஆளும் இல்லை. அத்தையும் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்த காலத்தில், எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தாள். குழந்தையை அவளிடம் நீட்டினேன். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வேணாம்மா, என் கை ஆவாது" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.